ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்கு ஒரு டைம் கீப்பர் எழுதுற திறந்த மடல்

மாவட்டம், மண்டலம், மாநிலம்னு எந்த அளவுல இருந்தாலும் சரி, விளையாட்டுல சாதிச்சவங்க பேரையும் ஃபோட்டோவையும் சுவத்துல மாட்டி கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் நடத்துற, இல்ல புதுசா ஆரம்பிக்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கிற தேர்வுக் குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பதக்கம் வாங்கின ஆள் இல்ல. ஸ்கூல் நாள்ல ஓடினேன், ஹீட்ஸ் தாண்டினதே பெருசு, அப்புறம் ஓடறதை விட்டுட்டு ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற பக்கம் வந்துட்டேன். மீட் நடக்கும்போது ஃபினிஷ் லைனுக்குப் பக்கத்துல படிக்கட்டு மாதிரி ஒரு ஸ்டாண்ட் போட்டு டைம் கீப்பருங்க வரிசையா உக்காந்திருப்பாங்களே, அந்தக் கூட்டத்துல ஒருத்தன். அங்க உக்காந்து பாத்தா யார் ஜெயிச்சாங்கன்னு தெரியறதோட இன்னொண்ணும் தெரியும், ஜெயிச்ச பிள்ளை மூச்சு வாங்கிக்கிட்டே முதல்ல யாரைத் தேடி ஓடுதுங்கறது. நிறைய நேரம் அம்மா அப்பாவக்கூட இல்ல, கயித்துக்கு அந்தப் பக்கம் கழுத்துல விசில் தொங்க, கையில ஒரு பழைய நோட்டோட நிக்கிற ஆளைத்தான். இந்த லெட்டர் அந்த ஆளுக்காக.

நீங்க வெளியிடுற பட்டியல்களை எல்லாம் நான் ஆர்வமா படிக்கிறவன், குறை சொல்றதுக்குன்னு படிக்கறதில்ல. ஆனா எல்லாத்துலயும் ஒரே அச்சு. வீரர்கள் வீராங்கனைகள் பேரு வரிசையா வரும், ஆளுக்கு ஒரு பத்தி, எந்த வருஷம் எந்தப் போட்டி எந்தப் பதக்கம்னு எல்லாம் இருக்கும். கடைசியில பயிற்சியாளர்னு ஒரு தலைப்பு, கீழ ஒண்ணு ரெண்டு பேரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி. அந்த ஒரு வரிலயும் இருக்கிறது யாருன்னு பாத்தா, அந்தப் பிள்ளை ஏற்கனவே தேசிய கேம்ப்புக்குப் போனப்புறம் கையில எடுத்துக்கிட்ட கோச். அவரும் உழைச்சவர்தான், இல்லைன்னு யாரும் சொல்லல. ஆனா பத்து வயசுல கிரவுண்டு ஓரத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டு "ஏய், செருப்பைக் கழட்டிட்டு ஒரு ரவுண்டு ஓடு பாப்போம்"னு சொன்னவர் எங்க? அவர் பேரு உங்க சுவத்துல எங்கயும் இல்ல.

அந்த முதல் கோச் என்ன வேலை பாக்கறார்னு குழுவுல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்னு நான் நினைக்கல, அதனால ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் ஒரு பி.டி. மாஸ்டர் டிராக் போடறதைப் பாத்திருக்கீங்களா? மைதானத்துல ரெண்டு பக்கமும் நடுப்புள்ளி பிடிச்சு ஆணி அடிப்பாங்க, அதுல கயிறு கட்டி, கயித்து நுனியைப் பிடிச்சுக்கிட்டு அரைவட்டமா நடந்தே கோடு போடுவாங்க, பின்னாடியே ஒரு பையன் சுண்ணாம்புப் பவுடர் டப்பாவைத் தட்டிக்கிட்டே வருவான். லேன் அகலம் 1.22 மீட்டர். இப்ப ஒரு முழு சுத்து ஓட்டம்னா வெளி லேன்ல ஓடறவனுக்கு தூரம் கூடுதலாயிடும், அதைச் சரிக்கட்ட அவனை முன்னாடி தள்ளி நிறுத்தணும், அதுதான் ஸ்டாகர். ரெண்டாவது லேன்காரன் ஏழு மீட்டருக்கு மேல முன்னாடி நிப்பான், மூணாவது ஆள் அதுக்கும் முன்னாடி. இந்தக் கணக்கை எல்லாம் மாஸ்டர் பரீட்சை பேப்பருக்குப் பின்னாடி போட்டு வச்சிருப்பார். ஒரு ஸ்டாகர் தப்பாப் போனா ஒரு பிள்ளை ஜெயிக்கிறதும் தோக்கிறதும் மாறிப்போயிடும், அடுத்த லெவலுக்குப் போறது மாறிப்போயிடும். மறுநாள் சாயங்காலத்துக்குள்ள அந்தக் கோடெல்லாம் மிதிபட்டு அழிஞ்சிடும். இந்த வேலைக்கு எந்த நாட்டுலயும் பதக்கம் கிடையாது.

சரி, தேசிய அளவுல மட்டும் கோச்சுங்களுக்கு என்ன பெருசா நடந்துச்சுன்னு பாருங்க. இந்தியாவுல வீரர்களுக்கான அர்ஜுனா விருது ஆரம்பிச்சது 1961. கோச்சுங்களுக்கான துரோணாச்சாரியார் விருது வந்தது 1985, நடுவுல 24 வருஷம், அந்த 24 வருஷமும் அர்ஜுனா வாங்கினவங்க எல்லாம் என்னமோ தானா முளைச்சு வந்த மாதிரி. விருதுத் தொகையை 2020ல ஏத்தினாங்க, அப்பவும் அர்ஜுனாவுக்கு 15 லட்சம், வழக்கமான துரோணாச்சாரியாருக்கு 10 லட்சம். காசு முக்கியம் இல்லன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன், ஆனா அதைவிட கொடுமையானது காத்திருக்க வைக்கிறது.

ஓ.எம். நம்பியாரை எடுத்துக்கோங்க. பி.டி. உஷாவைச் சின்னப் பொண்ணா இருக்கும்போதே பாத்து எடுத்து வளத்தவர், விமானப்படையில இருந்து வந்தவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர் ஹர்டில்ஸ்ல உஷா 55.42 செகண்ட் ஓடி, நூத்துல ஒரு பங்கு செகண்ட்ல வெண்கலத்தை விட்டாங்களே, அது நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். 1985ல உஷாவுக்கு பத்மஸ்ரீ, அதே வருஷம் முதல் துரோணாச்சாரியார் பட்டியல்ல நம்பியாரும் வந்துட்டார், அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா அவருக்கு பத்மஸ்ரீ அறிவிச்சது 2021 ஜனவரியில. மாணவிக்குக் குடுத்து 36 வருஷம் கழிச்சு. ஆகஸ்ட்ல அவர் இறந்துட்டார். விருது குடுக்கிற விழா நடந்தது நவம்பர்ல. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

உங்க ஹால் ஆஃப் ஃபேம் பத்மஸ்ரீ இல்ல, டெல்லிக்கு ஃபைல் போகணும்னு அவசியம் இல்ல, யாரோட கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம். நீங்க பத்து பேரு ஒரு ரூம்ல உக்காந்து முடிவு பண்ணா முடிஞ்சுது. மண்டல அளவுல இருக்கிற அமைப்புக்கு இருக்கிற பெரிய வசதியே இதுதான், அதை வச்சுக்கிட்டு மேல உள்ளவங்க பண்ற லேட்டையே நீங்களும் பண்ணா எப்படி?

உசுரோட இருக்கும்போதே பண்ணுங்கன்னு சொல்றதுக்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் ஒண்ணு தெரியும், அது அமெரிக்க பேஸ்பால்ல. பக் ஓ'நீல்னு ஒருத்தர். கறுப்பினத்தவங்களை பெரிய லீக்ல சேக்காத காலத்துல நீக்ரோ லீக்னு தனியா நடந்துச்சு, அதுல ஆடினவர், டீமை நடத்தினவர், அப்புறம் 1962ல சிகாகோ கப்ஸ் டீம்ல கோச்சாகி பெரிய லீக்ல முதல் கறுப்பின கோச்னு பேரு வாங்கினவர். அவர் காலத்து ஆட்டக்காரங்களோட கதைகள் மறந்து போகாம இருந்ததுக்கு அவரும் ஒரு முக்கியமான காரணம், ஊர் ஊராப் போய் அவங்களைப் பத்திப் பேசிட்டே இருந்தார். 2006ல கூப்பர்ஸ்டவுன்ல இருக்கிற பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் ஒரு ஸ்பெஷல் கமிட்டி போட்டு நீக்ரோ லீக் காலத்து ஆட்கள் 17 பேரை ஒரே நேரத்துல சேத்தாங்க. அந்த 17ல எஃபா மேன்லினு ஒரு டீம் ஓனரம்மா உண்டு, அந்த ஹால்ல இடம் பிடிச்ச முதல் பெண். ஆனா பக் ஓ'நீல் இல்ல. ஓட்டு பத்தலையாம். அந்த மனுஷன் என்ன பண்ணார்னா, கோவிச்சுக்கிட்டு வீட்ல உக்காரல, ஜூலை மாச விழாவுக்கு வந்து, தேர்வான அந்த 17 பேருக்காக, அவங்கள்ல ஒருத்தர்கூட அப்ப உசுரோட இல்ல, மேடையேறிப் பேசினார். அப்ப அவருக்கு 94 வயசு. அக்டோபர்ல போய்ச் சேந்துட்டார். அவரை ஹாலுக்குள்ள சேத்தது 2022ல.

இன்னொரு பேஸ்பால் ஆட்டக்காரர் ரான் சான்ட்டோ கதையும் அதே தினுசு, வருஷக்கணக்கா ஒவ்வொரு தடவையும் ஓட்டு பத்தாம போய், 2010 டிசம்பர்ல இறந்தார், 2011 டிசம்பர்ல தேர்வு பண்ணிட்டாங்க. செத்த பிறகு ஒரே வருஷத்துல ஒரு ஆளோட ஆட்டம் எப்படி நல்லாயிடுச்சுன்னு எனக்கு இன்னும் புரியல.

அதனால என் முதல் கோரிக்கை, வயசு வரிசையில பாருங்க. தகுதி இருக்கிறவங்கள்ல எழுபது தாண்டினவங்க, உடம்பு முடியாதவங்க யாருன்னு முதல்ல பட்டியல் எடுங்க. இருபத்தெட்டு வயசுல ரிட்டயர் ஆகி டிவில கமென்ட்ரி பண்ற ஆள் அஞ்சு வருஷம் கழிச்சும் இருப்பார், அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. கூப்பர்ஸ்டவுன்லயும் ஆட்டக்காரங்க ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆனாத்தான் ஓட்டுக்கே வர முடியும். நல்ல ரூல். ஆனா கோச்சுங்களுக்கு அந்த ரூலை அப்படியே எடுத்துப் போட்டுடாதீங்க, ஏன்னா ஸ்கூல் கிரவுண்டு கோச் ரிட்டயரே ஆகமாட்டார். வேலையில இருந்து ரிட்டயர் ஆனாலும் மறுநாள் காலைல அஞ்சரைக்கு அதே கிரவுண்டுல நிப்பார்.

ரெண்டாவது, கோச்சை எதை வச்சு அளக்கறதுன்னு ஒரு குழப்பம் எப்பவும் வரும். எத்தனை பதக்கம், எத்தனை ஜெயிப்புன்னு எண்ண ஆரம்பிச்சா வசதியான இடத்துல இருந்தவங்கதான் வருவாங்க. பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம் ஸ்பிரிங்ஃபீல்டுல இருக்கு, அதுக்குப் பேரே ஜேம்ஸ் நைஸ்மித் பேரு, 1891ல அந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவர். அவர் கான்சஸ் யுனிவர்சிட்டில கோச்சா இருந்தார், ரெக்கார்டு என்ன தெரியுமா? 55 ஜெயிப்பு, 60 தோல்வி. அந்த யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் கோச்சுங்கள்ல ஜெயிச்சதைவிட அதிகமா தோத்தவர் அவர் ஒருத்தர்தான். எண்ணிக்கை பாத்திருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க. ஆனா அவர்கிட்ட ஆடின ஃபாக் ஆலன் பின்னாடி கோச்சிங்குக்கே தந்தைன்னு பேரு வாங்கினார். கோச்சோட வேலை அடுத்த ஆள்லதான் தெரியும், சில நேரம் அடுத்த ஆளுக்கு அடுத்த ஆள்ல.

நம்ம ஊர் செஸ்ஸைப் பாத்தாலே போதும் இது புரிய. மானுவல் ஆரோன் 1961ல இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர், ஒன்பது தடவை நேஷனல் சாம்பியன். அவரை ஆட்டக்காரரா மட்டும் எழுதினா அத்தோட கதை முடிஞ்சுது. ஆனா 1972ல சென்னை சோவியத் கலாச்சார மையத்துல டால் செஸ் கிளப் ஆரம்பிச்சதுல அவருக்குப் பங்கு உண்டு, அந்தக் கிளப்ல போய் ஆடின பையன்தான் விஸ்வநாதன் ஆனந்த், 1988ல நாட்டோட முதல் கிராண்ட்மாஸ்டர். அதுக்கப்புறம் ஆர்.பி. ரமேஷ் மாதிரி ஆடிட்டிருந்தவங்க கோச்சிங் பக்கம் வந்து பசங்களை எடுத்தாங்க, பிரக்ஞானந்தா அவர்கிட்ட கத்துக்கிட்டவர். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆனப்ப வயசு 18, அவருக்குச் சின்ன வயசுல இருந்து கூட இருந்த கோச் விஷ்ணு பிரசன்னா. இப்படி ஒரு சங்கிலியா எழுதினாத்தான் சுவத்துல படிக்கிறவனுக்கு விஷயம் புரியும். தனித்தனி ஃபோட்டோவா மாட்டினா எல்லாரும் தனித்தனியா வானத்துல இருந்து குதிச்ச மாதிரி இருக்கும்.

முதல் கோச்சைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்னு சொல்வீங்க. அவ்வளவு கஷ்டம் இல்லங்க. தேர்வாகிற ஒவ்வொரு வீரர்கிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க, உங்களை முதன்முதலா இந்த ஆட்டத்துக்குள்ள கூட்டிட்டு வந்தது யாருன்னு. யோசிக்காம டக்குனு பதில் வரும். மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்கினார், அப்புறம் டோக்கியோவுல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம், மூணு பாராலிம்பிக்ஸ்ல மூணு மெடல். அவருக்குள்ள ஹை ஜம்ப் இருக்குன்னு பாத்தது ஸ்கூல் பி.டி. மாஸ்டர். சிங்கப்பூர்ல சி. குணாளன் டீச்சர் டிரெய்னிங் படிச்சிட்டு ஃபுட்பால் ஆடிட்டிருந்தவர், டான் எங் யூன்னு ஒரு கோச் அவரோட ஸ்பீடைப் பாத்து டிராக்குக்கு இழுத்துட்டு வந்தார், வந்தவர் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டரை 10.38ல ஓடினார், அந்த நேஷனல் ரெக்கார்டு 33 வருஷம் நின்னுச்சு, 2001ல யு.கே. ஷ்யாம் 10.37 ஓடுற வரைக்கும். பாத்தீங்களா, ஒரு கோச்சோட கண்ணு எத்தனை வருஷத்துக்கு ரெக்கார்டுல இருந்திருக்குன்னு.

மூணாவது, இதுதான் எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம், நாமினேஷன் ஃபார்ம். "சான்றிதழ் நகல் இணைக்கவும், பத்திரிகைச் செய்தி நகல் இணைக்கவும், சம்பந்தப்பட்ட சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் இணைக்கவும்". யாருக்குய்யா இதெல்லாம் இருக்கும்? வசதியா பீரோ வச்சிருந்தவனுக்கு இருக்கும். கூரை ஒழுகுற வீட்ல இருந்தவங்க சர்டிஃபிகேட்டு கரையான் தின்னு போயிருக்கும். பொண்ணுங்க கதை இன்னும் மோசம், கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல்ல ஓடியிருப்பாங்க, இப்ப வேற இனிஷியல், வேற ஊரு, ஃபார்ம்ல பழைய பேரும் புதுப் பேரும் ஒத்துப்போகலன்னு ஓரத்துல வச்சிடுவீங்க. சங்கத்தோட பரிந்துரைன்னு கேட்டா சங்கத்துல இருக்கிறவங்களோட சண்டை போட்டவங்க ஜென்மத்துக்கும் வரமாட்டாங்க, நல்ல கோச்சுங்கள்ல பாதிப் பேரு சங்கத்தோட சண்டை போட்டவங்கதான். அதனால ஃபார்ம் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, நீங்க தேடிப் போங்க. ஸ்கூல்ல பழைய ஸ்போர்ட்ஸ் ரிஜிஸ்டர் இருக்கும், காலேஜ் மேகசின் இருக்கும், லைப்ரரில பழைய பேப்பர் பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க. கூட ஓடினவங்க ரெண்டு பேரு எழுதிக் குடுத்தா அதை ஆதாரமா எடுத்துக்கோங்க.

ஆதாரம் கிடைச்சாலும் அதைப் படிக்கத் தெரியணும், இதை டைம் கீப்பரா கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். பழைய டைம் எல்லாம் கையால எடுத்தது. நாங்க ஸ்டார்ட்டர் துப்பாக்கி சத்தத்தைக் கேட்டு வாட்சை அமுக்கறதில்ல, புகையைப் பாத்து அமுக்குவோம், ஏன்னா 100 மீட்டர் தள்ளி இருக்கிற எங்க காதுக்கு சத்தம் வர கிட்டத்தட்ட 0.3 செகண்ட் ஆகும். முதல் இடத்துக்கு மூணு வாட்சு, மூணும் வேற வேறயா காட்டினா நடுவுல இருக்கிற டைம்தான் கணக்கு. இவ்வளவு பண்ணாலும் ஸ்டார்ட்ல மனுஷக் கை கொஞ்சம் லேட்டாத்தான் அமுக்கும், அதனால கை டைம் எப்பவும் மெஷின் டைமைவிடக் கம்மியாத் தெரியும், 100 மீட்டர்ல 0.24 செகண்ட் கூட்டித்தான் ஒப்பிடறது வழக்கம். அந்தக் காலத்து 10.8ஐயும் இந்தக் காலத்து 10.80ஐயும் பக்கத்துல பக்கத்துல எழுதி ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சா தப்பு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, பழைய ஆளு ஓடினது மண் டிராக்ல, மழை பேஞ்சா சேறு. ஒலிம்பிக்ஸ்லயே சிந்தெட்டிக் டிராக் வந்தது 1968 மெக்சிகோவுலதான். மலேசியாவோட மணி ஜெகதீசன், டாக்டரும்கூட, அதே மெக்சிகோவுல 200 மீட்டரை 20.92ல ஓடினார், அந்த ரெக்கார்டு 49 வருஷம், 2017 வரைக்கும் யாரும் தொடல. மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்து லேசு, அதுவும் கொஞ்சம் உதவியிருக்கும், சரி, ஆனா அதுக்காக 49 வருஷத்தைக் கழிச்சுட முடியுமா.

யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தையும் இங்க சொல்லியே ஆகணும். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுல ஹை ஜம்ப்ல 2.03 மீட்டர், தங்கம், அன்னிக்கு சிலோனுக்கு அதுதான் முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம். இன்னிக்கு 2.03ன்னு சொன்னா காலேஜ் பையன்கூட உதட்டைப் பிதுக்குவான். ஆனா டிக் ஃபாஸ்பரி முதுகைக் காட்டித் தாண்டி ஜெயிச்சது 1968ல, இவர் தாண்டினது அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி. அந்தக் காலத்துல பெரும்பாலும் மணல்லயோ மரத்தூள்லயோ வந்து விழணும், இப்ப இருக்கிற மெத்து மெத்துன்னு ஃபோம் பெட் எல்லாம் இல்ல, முதுகால விழுந்தா எழுந்திருக்க முடியாது. அளவை மட்டும் எழுதாம எதுல ஓடினாங்க, எதுல விழுந்தாங்கன்னும் ஒரு வரி எழுதுங்க.

அடுத்தது எந்தெந்த ஆட்டம்ங்கறது. கிரிக்கெட், ஃபுட்பால், அத்லெட்டிக்ஸ் எல்லாம் யாரும் சொல்லாமயே வந்துடும். கேரம்ல ரெண்டு தடவை உலக சாம்பியனான மரிய இருதயத்தைப் பத்தி நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும், அந்த ஆட்டத்துக்கு அர்ஜுனா விருது வாங்கிக் குடுத்தவர். கபடி ஆசிய விளையாட்டுக்குள்ள மெடல் ஆட்டமா வந்ததே 1990 பெய்ஜிங்லதான், அதுக்கு முன்னாடி ஆடினவங்களுக்கு ஆசிய மெடல் இருக்கணும்னு ரூல் வச்சா எங்க போவாங்க? கோ-கோவுக்கு முதல் உலகக் கோப்பை நடந்ததே 2025 ஜனவரியில. சர்வதேசப் பதக்கம்தான் தகுதின்னு எழுதின அந்த ஒரு வரியை அழிச்சிடுங்க. அதே மாதிரி டீம் ஆட்டத்துல ஒரு ஸ்டாரை மட்டும் பிரிச்சு எடுக்கறதுக்குப் பதிலா டீமையே மொத்தமா சேக்கலாம், பாஸ்கெட்பால் ஹால் 1992 அமெரிக்க ஒலிம்பிக் டீமை 2010ல அப்படித்தான் சேத்தாங்க.

ஆட்டக்காரரும் இல்ல கோச்சும் இல்லன்னு இருக்கிறவங்களுக்கும் ஒரு இடம் வேணும், மைதானம் பாத்துக்கிறவங்க, ஸ்கோரர், அம்பயர். இதை எழுதும்போது எனக்கு சுயநலம் இருக்குன்னு நினைச்சுக்கோங்க பரவால்ல. நியூபோர்ட்ல இருக்கிற இன்டர்நேஷனல் டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம் 2024ல லியாண்டர் பயஸை ஆட்டக்காரர் பிரிவுல எடுத்தாங்க, நம்ம விஜய் அமிர்தராஜை எடுத்தது பங்களிப்பாளர் பிரிவுல, ஆசியாவுல இருந்து அங்க போன முதல் ஆண்கள் அவங்க ரெண்டு பேரும்தான். அமிர்தராஜ் நல்லாவே ஆடினவர், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆட்டத்துக்காக அவர் வெளிய பண்ண வேலையையும் ஒரு பிரிவு வச்சு மதிச்சிருக்காங்க.

சாந்தி சௌந்தரராஜன் விஷயத்தையும் கேக்காம விடமுடியாது. 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர் வெள்ளி, அப்புறம் பாலினப் பரிசோதனைன்னு சொல்லி மெடலைப் பிடுங்கிட்டாங்க. ஊக்கமருந்து எடுக்கல, யாரையும் ஏமாத்தல. பின்னாடி கோச்சாகி பிள்ளைங்களை ஓட வச்சாங்க. சர்வதேச அமைப்போட ரூல் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு மண்டல அளவு ஹால் ஆஃப் ஃபேமுக்கு அந்த ரூல் கட்டுப்பாடு இல்ல. ஓட்டக்காரராவும் கோச்சாவும் ரெண்டு இடத்துலயும் அவங்க பேரை எழுத எந்தக் குழுவுக்கும் முழு உரிமை இருக்கு. ஜான் வுடன்னு ஒரு பாஸ்கெட்பால் ஆளை ஆட்டக்காரரா ஒரு தடவை, 1973ல கோச்சா இன்னொரு தடவைன்னு ரெண்டு தடவை சேத்த முன்னுதாரணம் இருக்கு.

இப்ப கசப்பான ஒண்ணு. கோச்சுங்களைக் கொண்டாடுங்கன்னு நான் இவ்வளவு சொல்றேன், எல்லா கோச்சும் தெய்வம்னு சொல்லல. பிள்ளைங்க மேல இவ்வளவு அதிகாரம் இருக்கிற வேலைல தப்பு பண்றவங்களும் இருக்காங்க, பாத்தும் பாக்காத மாதிரி இருக்கிறவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில ஜோ பட்டர்னோன்னு அமெரிக்கன் ஃபுட்பால் கோச், அங்க அவருக்கு சிலையே வச்சிருந்தாங்க, அவர்கிட்ட உதவி கோச்சா இருந்தவர் சிறுவர்கள் மேல பண்ண பாலியல் குற்றங்களுக்காக 2012 ஜூன்ல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு, ஜூலையில யுனிவர்சிட்டியே சிலையை எடுத்துடுச்சு. அதனால கோச்சுங்களைச் சேக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க கிட்ட, முக்கியமா நடுவுல ஆட்டத்தை விட்டுட்டுப் போன பொண்ணுங்க பசங்ககிட்ட, தனியா ரகசியமா பேசுங்க. ஜெயிச்ச பிள்ளைங்க சொல்றதை மட்டும் கேட்டா பாதிதான் தெரியும். சேத்த பேரை எடுக்கறதுக்கும் முன்கூட்டியே ஒரு விதி எழுதி வச்சுக்கோங்க, பிரச்சனை வந்தப்புறம் ராத்திரியோட ராத்திரியா ஃபோட்டோவைக் கழட்டுறது அசிங்கம்.

தேர்வு முறை பத்தி அதிகம் சொல்லல, ரெண்டே விஷயம். யார் குழுவுல இருக்காங்க, எத்தனை ஓட்டு கிடைச்சுதுன்னு வெளிய சொல்லுங்க. கூப்பர்ஸ்டவுன்ல 75 சதவீதம் வேணும், யாருக்கு எவ்வளவுன்னு வெளியிடறாங்க, 2025ல தேர்வான இச்சிரோவுக்கு நூறு சதவீதத்துக்கு ஒரே ஒரு ஓட்டு குறைஞ்சது உலகத்துக்கே தெரியும். அப்புறம், வருஷத்துக்கு இத்தனை பேரு கண்டிப்பா எடுக்கணும்னு கணக்கு வச்சுக்காதீங்க. 2021ல அங்க பேஸ்பால் பத்தி எழுதற பத்திரிகைக்காரங்க போடற ஓட்டுல ஒருத்தர்கூட தேர்வாகல, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. எண்ணிக்கையை நிரப்பறதுக்காகத்தான் குழு உறுப்பினரோட மச்சான் பேரெல்லாம் உள்ள வருது, எழுதக்கூடாதுன்னு பாத்தேன், எழுதிட்டேன்.

விழா நடத்தும்போது ஒரு தயவு பண்ணுங்க, கௌரவிக்கப்படுறவங்களுக்குப் பேச நேரம் குடுங்க. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசிட்டு, எண்பது வயசு கோச்சுக்கு "நேரமின்மை காரணமாக ரெண்டு வார்த்தை மட்டும்"னு மைக்கைக் குடுக்கறது எந்த ஊர் நியாயம்? வீரரையும் அவரோட முதல் கோச்சையும் ஒண்ணா மேடைக்குக் கூப்பிடுங்க. அவங்க பேசறதை ரெக்கார்டு பண்ணி வைங்க. மண்டபத்துல மாட்டுற ஃபோட்டோவுக்குக் கீழ, இவங்ககிட்ட கத்துக்கிட்டது யாரு யாருன்னும், இவங்க யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னும் ரெண்டு வரி இருக்கட்டும். அந்தப் பழைய நோட்டு கிடைச்சா, பிள்ளைங்க பேரு, டைமு, "கால் வலி, ரெஸ்ட் குடு"ன்னு எல்லாம் பென்சில்ல எழுதி வச்சிருப்பாரே, அதைக் கேட்டு வாங்கி கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைங்க. வெள்ளிக் கோப்பையெல்லாம் எந்த ஷோகேஸ்லயும் இருக்கு.

அடுத்த கூட்டத்துக்கு அஜெண்டா போடும்போது அந்த எழுபது வயசு தாண்டினவங்க பட்டியலை முதல்ல வைங்கன்னு கேட்டுக்கறேன். ஆள் பத்தலன்னா எங்களைக் கூப்பிடுங்க, டைம் கீப்பருங்க, ஸ்டார்ட்டருங்க, மார்ஷலுங்க எங்களுக்குள்ள ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, எந்த ஸ்கூல்ல எந்த மாஸ்டர் இருந்தார், இப்ப எங்க இருக்கார்னு கேட்டா அரை நாள்ல சொல்லிடுவாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசி எழுதிட்டு வர்றதுக்கும் நாங்க தயார். மீட் நடக்கிற நாள்ல மட்டும் கூப்பிடாதீங்க, வாட்ச் கையில இருக்கும், ஃபோன் எடுக்கமாட்டோம்.

இப்படிக்கு,
ஃபினிஷ் லைன்ல உக்காந்திருக்கிற ஒரு டைம் கீப்பர்